ஆறாவது பேட்ஸ்மேனா, ஐந்தாவது பௌலரா?

தாராவியின் சந்துகளில் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்குள் இரண்டு விஷயங்களுக்காகச் சண்டை வரும். ஒன்று, அவுட்டா இல்லையா. இன்னொன்று, யார் முதலில் மட்டையைப் பிடிப்பது. யார் முதலில் பந்து போடுவது என்று சண்டை வந்ததாகச் சரித்திரம் இல்லை. தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்துகள் சிலவற்றில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அந்த அகலத்துக்குள்தான் ஆட்டம். ரப்பர் பந்து. சுவரில் கரியால் கிழித்த மூன்று கோடுகள் ஸ்டம்ப். பந்து கூரை மேல் போனால் அவுட். தரையில் ஒரு முறை பட்டு எழும்பியதை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். அணி பிரிக்கும்போது முதலில் எடுக்கப்படுபவன் நன்றாக அடிக்கிறவன். பந்து போட மட்டுமே தெரிந்தவன் கடைசியில்தான் விலை போவான்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தச் சந்துகளில்தான் ஆடி வளர்ந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது தாராவி அல்ல, மும்பை. இந்த நகரத்தின் கிரிக்கெட் பெருமை முழுவதும் பேட்ஸ்மேன்களின் பெருமை. விஜய் மெர்ச்சன்ட், சுனில் காவஸ்கர், திலீப் வெங்சர்க்கார், சச்சின் டெண்டுல்கர் என்று அந்த வரிசை நீள்கிறது. தாராவியிலிருந்து நடந்தே போகக்கூடிய மாட்டுங்காவில் இருக்கிறது தாட்கர் மைதானம். காவஸ்கரும் வெங்சர்க்காரும் ஆடிய தாதர் யூனியன் அணியின் களம் அது. 1988 பிப்ரவரியில் ஆஸாத் மைதானத்தில் நடந்த ஹாரிஸ் ஷீல்டு பள்ளி ஆட்டத்தில் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ரன் சேர்த்தார்கள். அந்த எண்ணை மும்பையில் குழந்தைகூடச் சொல்லும். அன்று வெயிலில் அவர்களுக்குப் பந்து போட்ட பையன்களின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

பேட்ஸ்மேன்களைக் கொண்டாடும் ஊருக்கு டெஸ்ட் கிரிக்கெட் ஒரு சங்கடமான கேள்வியை வைக்கிறது. ஒரு நாள் ஆட்டத்தில் எதிரணியைவிட ஒரு ரன் கூடுதலாக எடுத்தால் போதும். எதிரணியின் ஒரு விக்கெட்கூட விழாமலே ஜெயித்துவிடலாம். டெஸ்ட் அப்படியல்ல. எதிரணி டிக்ளேர் செய்தால் தவிர, ஜெயிக்க விரும்பும் அணி 20 விக்கெட்களையும் எடுத்தாக வேண்டும். 700 ரன் குவித்த அணியும் 19 விக்கெட்டோடு நின்றுவிட்டால் டிராதான். தோற்காமல் இருக்க ரன் வேண்டும், ஜெயிக்க விக்கெட் வேண்டும். கேப்டனிடம் இருப்பதோ பதினொரு இடங்கள். விக்கெட் கீப்பருக்கு ஒன்று போனால் மிச்சம் பத்து. ஆறு பேட்ஸ்மேன், நான்கு பௌலரா? ஐந்துக்கு ஐந்தா?

கணக்காகப் பார்த்தால் விஷயம் எளிது. ஒரு நாளைக்கு 90 ஓவர். நான்கு பௌலர்கள் என்றால் ஆளுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று ஓவர். ஐந்து பேர் என்றால் பதினெட்டு. எதிரணி இரண்டு நாள் ஆடிவிட்டால் நால்வரில் ஒவ்வொருவர் தலையிலும் 45 ஓவர், ஐவர் என்றால் 36. இந்த ஒன்பது ஓவர் வித்தியாசம் மாலை நான்கரை மணிக்குத் தெரியும். வேகப்பந்து வீச்சாளரின் தோள் கனத்திருக்கும், சுழற்பந்து வீச்சாளரின் விரல் தேய்ந்திருக்கும். கேப்டன் பகுதி நேரப் பந்துவீச்சாளரைத் தேடிக் கண்ணைச் சுழற்றுவார்.

2011 நவம்பரில் மும்பை வாங்கடே அரங்கில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நான்கு பௌலர்களோடு இறங்கியது. மேற்கிந்திய அணி முதல் இன்னிங்ஸில் 180 ஓவர்களுக்கு மேல் ஆடி 590 ரன் எடுத்தது. சென்னையிலிருந்து வந்த ரவிச்சந்திரன் அஸ்வின் மட்டுமே அதில் 50 ஓவர்களுக்கு மேல் வீசினார். 156 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு போய் 103 ரன் அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் பிரக்யான் ஓஜா ஆறு, அஸ்வின் நான்கு விக்கெட் எடுக்க, மேற்கிந்திய அணி 134 ரன்னில் சுருண்டது. இந்தியாவுக்கு வேண்டியது 243. கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவைப்பட்டது. ஒன்று ஓடியாகிவிட்டது, இரண்டாவதற்கு ஓடிய அஸ்வின் ரன் அவுட். இந்தியா 9 விக்கெட்டுக்கு 242. இரு அணிகளின் மொத்த ரன்களும் சமம், ஆட்டம் டிரா. அடித்து ஜெயிக்க அஞ்சாவது நாளில் இன்னும் ஒரு ஓவர் கிடைத்திருந்தால் என்று அன்று பலர் நினைத்திருப்பார்கள். அந்த ஓவர் தொலைந்தது அஞ்சாவது நாளில் அல்ல. நான்கு பேரை வைத்துக்கொண்டு இரண்டு நாளுக்கு மேல் பந்து பொறுக்கிய முதல் இன்னிங்ஸில்தான்.

அப்படியானால் பௌலர்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதானா? அதற்கும் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கடராகவன் என்ற நான்கு சுழல் மேதைகளும் ஒரே டெஸ்டில் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு முறை. 1967இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில். அன்று புதுப் பந்தை வீச இந்தியாவிடம் முறையான வேகப்பந்து வீச்சாளர் இல்லை. வி. சுப்ரமண்யாவோடு பந்து வீச்சைத் தொடங்கியவர் புதி குந்தேரன். அவர் அடிப்படையில் ஒரு விக்கெட் கீப்பர்! இந்தியா முதல் இன்னிங்ஸில் 92 ரன்னுக்குச் சுருண்டு, 132 ரன் வித்தியாசத்தில் தோற்றது. நான்கு பேரும் மேதைகள்தான். ஆனால் நால்வரும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள். சமையலறையில் நான்கு உப்பு ஜாடி இருந்தாலும் குழம்புக்குப் புளி வேண்டும்.

அந்த ஆட்டத்தில் ஸ்டம்ப்களுக்குப் பின்னால் நின்றவர் ஃபரூக் எஞ்சினியர். மாட்டுங்காவின் டான் பாஸ்கோ பள்ளியில் படித்தவர். அணியின் சமநிலை பற்றிய பேச்சில் அவர் பெயர் அதிகம் வருவதில்லை, வர வேண்டும். 1967 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டத்தைத் தொடங்கி, உணவு இடைவேளைக்குள் 94 ரன் அடித்தவர் அவர். விக்கெட் கீப்பரே முழு பேட்ஸ்மேனாக இருந்துவிட்டால் கேப்டனின் கையில் ஓர் இடம் மிச்சமாகிறது. அந்த இடத்தில் ஒரு பௌலரை வைக்கலாம்.

1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் அஜித் வாடேகர் அதைத்தான் செய்தார். அன்றைய பதினொருவரில் காவஸ்கர், அசோக் மன்கட், வாடேகர், சர்தேசாய், சோல்கர், எஞ்சினியர் என ஆறு பேர் பம்பாய்க்காரர்கள். பம்பாய் என்றால் மட்டை என்ற எண்ணத்தோடு பார்த்தால் இது ஆறு பேட்ஸ்மேன்கள் கொண்ட அணி போலத் தெரியும். உண்மையில் இதில் ஐந்து பேர் பந்து போடுவார்கள். ஏகநாத் சோல்கரும் ஆபித் அலியும் வேகப்பந்து, மற்ற மூவர் சுழல். இந்து ஜிம்கானாவின் மைதானப் பராமரிப்பாளர் மகனான சோல்கர் முதல் இன்னிங்ஸில் 28 ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். பிறகு 44 ரன் அடித்தார். எஞ்சினியர் 59. இரண்டாவது இன்னிங்ஸில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 101 ரன்னில் அடங்கியது. நான்கு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. இங்கிலாந்து மண்ணில் இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. சந்திரசேகரின் ஆறு விக்கெட்டை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவரை அணியில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தவர்கள் சோல்கரும் எஞ்சினியரும்.

இடம் கிடைக்காமல் போனவர்களும் உண்டு. 1972-73 ரஞ்சிக் கோப்பை இறுதியாட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. எதிரணி தமிழ்நாடு. மாட்டுங்காவின் தமிழ் வீடுகளில் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் தவிக்க வைக்கும் ஆட்டம். பம்பாய் 151, 113 ரன்களே எடுத்தது. ஆனால் தமிழ்நாடு எடுத்தது 80, 61. பத்மாகர் சிவால்கர் என்ற இடது கைச் சுழல் வீச்சாளர் 16 ரன்னுக்கு எட்டு, 18 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். பம்பாய் தொடர்ந்து வென்ற பதினைந்தாவது ரஞ்சிக் கோப்பை அது. பேட்ஸ்மேன்களின் ஊர் என்று பெயரெடுத்த நகரத்துக்கு அந்தக் கோப்பையைக் கொண்டுவந்தது ஒரு பௌலர். முதல்தர ஆட்டங்களில் 589 விக்கெட் எடுத்த சிவால்கர் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. அதே காலத்தில் அதே வகைப் பந்தைப் போட பிஷன் சிங் பேடி இருந்தார். அணியில் இடது கைச் சுழலுக்கு ஓர் இடம்தான். 2025 மார்ச்சில் சிவால்கர் காலமானபோது அஞ்சலி செலுத்தியவர்கள் எல்லோரும் இந்த ஒரு விஷயத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சமநிலை என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குள் ஒரு மனிதரின் வாழ்நாள் அடங்கிவிடுகிறது.

எஞ்சினியர் படித்த டான் பாஸ்கோ பள்ளியிலிருந்து இன்னொருவர் வந்தார். 1977இல் பள்ளிக்கு ஜைல்ஸ் ஷீல்டு வாங்கிக் கொடுத்த அணியின் கேப்டன், பிறகு மாட்டுங்காவிலேயே போதார் கல்லூரி மாணவர். ரவி சாஸ்திரி. 1981 பிப்ரவரியில் வெலிங்டனில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது பதினெட்டு. இடது கைச் சுழல் வீச்சாளர். மட்டை பிடிக்க வந்தது பத்தாவது ஆளாக. அந்த ஆட்டத்தில் ஆறு விக்கெட் எடுத்தார். பிறகு ஒவ்வொரு படியாக மேலே ஏறினார். 1983 தொடக்கத்தில் கராச்சியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 128. 1992 ஜனவரியில் சிட்னியில் 206. மொத்தம் 80 டெஸ்ட், 3,830 ரன், 11 சதம், 151 விக்கெட். ஒன்று முதல் பத்து வரை எல்லா இடத்திலும் ஆடிப் பார்த்தவர். அவர் ஆட்டத்தில் அழகு குறைவு என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் எந்தக் கேப்டனுக்கும் அவர் ஒரு ஆளின் சம்பளத்தில் இரண்டு ஆள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சாஸ்திரி அணிக்குள் வந்தது பந்து வீசுவதற்காக. மட்டை பிறகு சேர்ந்துகொண்டது. கொஞ்சம் அடிப்பான், கொஞ்சம் போடுவான் என்று யாரும் அவரை எடுக்கவில்லை.

பின்னாளில் அவரே இந்திய அணியின் இயக்குநராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் வந்தபோது, கேப்டன் விராட் கோலியோடு சேர்ந்து ஐந்து பௌலர் கொள்கையைப் பிடித்துக்கொண்டார். ஆரம்பமே சறுக்கல். 2015 ஆகஸ்டில் காலி மைதானத்தில் ஐந்து பேட்ஸ்மேன், ஐந்து பௌலரோடு இறங்கிய இந்தியா, இலங்கையை 183க்கு உருட்டி, 192 ரன் முன்னிலையும் பெற்றது. கடைசியில் 176 ரன் எடுக்க முடியாமல் 112க்குச் சுருண்டு 63 ரன்னில் தோற்றது. ஒரு பேட்ஸ்மேன் கூடுதலாக இருந்திருந்தால் என்று நாடு முழுக்க முணுமுணுப்பு. நியாயமான முணுமுணுப்புதான். கோலி அணி பின்வாங்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஒரு சுழல் வீச்சாளரை எடுத்துவிட்டு, மட்டையும் பிடிக்கத் தெரிந்த ஸ்டூவர்ட் பின்னியைச் சேர்த்தது. பௌலர் எண்ணிக்கை ஐந்தாகவே இருந்தது. மீதி இரண்டு டெஸ்டையும் வென்று, இலங்கையில் 1993க்குப் பிறகு முதல் முறையாகத் தொடரைக் கைப்பற்றியது.

இந்தக் கொள்கைக்கு நெருப்புச் சோதனை 2020 டிசம்பரில் வந்தது. அடிலெய்டில் இந்தியா 36 ரன்னுக்கு ஆல் அவுட். அதன் டெஸ்ட் சரித்திரத்திலேயே மிகக் குறைந்த ஸ்கோர். கோலி தன் குழந்தையின் பிறப்புக்காக ஊர் திரும்பினார். மெல்போர்னில் அடுத்த ஆட்டம். மும்பைக்காரரான அஜிங்க்ய ரஹானே கேப்டன். 36 ரன்னில் சுருண்ட அணி, தன் தலைசிறந்த பேட்ஸ்மேனும் இல்லாத நிலையில், இன்னொரு பேட்ஸ்மேனைச் சேர்க்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். சேர்க்கப்பட்டவர் ரவீந்திர ஜடேஜா. ஐந்தாவது பௌலர்! ரஹானே 112, ஜடேஜா 57. ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் உமேஷ் யாதவ் நான்காவது ஓவரை முடிக்காமலே காயத்தோடு வெளியேறினார். நான்கு பௌலர் அணியாக இருந்திருந்தால் அங்கேயே முதுகெலும்பு முறிந்திருக்கும். மிச்சம் நால்வர் இருந்தார்கள். ஆஸ்திரேலியா 195, 200. இந்தியாவுக்கு எட்டு விக்கெட் வெற்றி.

2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முழு அணியுமே காயத்தில் படுத்திருந்தது. அஸ்வினும் இல்லை, ஜடேஜாவும் இல்லை, பும்ராவும் இல்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனும் சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆடினார்கள். அங்கேயும் ஐந்து பௌலர்கள். அங்கேயும் ஒருவர், நவ்தீப் சைனி, எட்டாவது ஓவரில் காயம். 186 ரன்னுக்கு ஆறு விக்கெட் போன நிலையில், ஏழாவது விக்கெட்டுக்கு சுந்தரும் பால்கரிலிருந்து வந்த ஷர்துல் தாக்கூரும் 123 ரன் சேர்த்தார்கள். சுந்தர் 62, தாக்கூர் 67. இருவரும் பந்து வீச்சிலும் தலைக்கு மூன்று விக்கெட் எடுத்திருந்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் தாக்கூர் இன்னும் நான்கு எடுத்தார். 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் தோற்காத ஆஸ்திரேலியா தோற்றது.

ஆறாவது பேட்ஸ்மேன் என்பது இன்ஷூரன்ஸ் என்று சொல்வார்கள். மெல்போர்னும் பிரிஸ்பேனும் காட்டியது, ஐந்தாவது பௌலரும் இன்ஷூரன்ஸ்தான் என்று. ஒன்று தோல்விக்கு எதிராக எடுப்பது. மற்றது டிராவுக்கு எதிராகவும் எடுப்பது.

இதற்கு விலை கொடுப்பவர் ஆறாவது பேட்ஸ்மேன்தான். செம்பூர் பகுதியில் வளர்ந்த சூர்யகுமார் யாதவ் 2023 பிப்ரவரியில் நாக்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டை ஆடினார். 8 ரன்னில் அவுட். அதே இன்னிங்ஸில் ஒன்பதாவதாக வந்த அக்சர் படேல் 84 அடித்தார், ஜடேஜா 70. இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. அடுத்த டெஸ்டுக்கு ஷ்ரேயஸ் ஐயர் திரும்பிவர, சூர்யகுமார் வெளியே. பிறகு இருபது ஓவர் ஆட்டத்தில் இந்திய அணிக்கே கேப்டனானார். டெஸ்டில் 2025 முடியும்வரை அவருக்கு இரண்டாவது வாய்ப்பு வரவில்லை. ஒன்பதாவது ஆளே 84 அடிக்கும் அணியில் ஆறாவது பேட்ஸ்மேனுக்கு நாற்காலி இல்லை. செம்பூர்க்காரர்களுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். கணக்கு தப்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு தப்பாகப் போகும் இடமும் உண்டு. பௌலரை அவர் பந்துக்காக அல்லாமல் மட்டைக்காக எடுக்கும்போது அது நடக்கிறது. 2025 ஜூனில் லீட்ஸில் இந்தியா ஒரே ஆட்டத்தில் ஐந்து சதங்கள் அடித்தது. இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 835 ரன். இங்கிலாந்து 371 ரன்னைத் துரத்தி ஐந்து விக்கெட்டில் ஜெயித்தது. ஐந்து சதம் அடித்த அணி தோற்றது டெஸ்ட் சரித்திரத்தில் அதுவே முதல் முறை. பேட்டிங்கை நீளமாக்க எட்டாவது இடத்தில் வைக்கப்பட்ட தாக்கூர் இரண்டு இன்னிங்ஸிலும் எடுத்தது 5 ரன். ஆட்டம் முழுக்க வீசியது 16 ஓவர். அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டிலும் குல்தீப் யாதவ் வெளியே உட்கார்ந்திருந்தார். விக்கெட் எடுப்பவர், ஆனால் மட்டை பலம் போதாது. மான்செஸ்டரில் இங்கிலாந்து 669 ரன் குவித்தது. அந்த ஆட்டத்தை ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் ஆட்டமிழக்காத சதங்களால் டிரா ஆக்கினார்கள் என்பதும் உண்மை. பேட்டிங் நீளம் தோல்வியிலிருந்து காப்பாற்றியது. 669 ரன் கொடுத்த பிறகு அதற்கு மேல் எதுவும் கேட்க முடியவில்லை.

மாட்டுங்காவின் தமிழ்ப் பெரியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வெங்கடராகவன் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் அவர்கள். 2021இல் இங்கிலாந்தில் நான்கு டெஸ்டிலும் அஸ்வின் வெளியே உட்கார்ந்தபோதும், 2023 ஜூனில் ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் அவர் விடப்பட்டபோதும் அவர்கள் மனம் கொதித்தது. 2021இல் அந்த நான்கில் இரண்டை இந்தியா வென்றது. கொதிப்புக்குப் பதில் இருந்தது. 2023இல் 209 ரன்னில் தோற்றது, பதில் இல்லை. 2024 டிசம்பரில் 537 விக்கெட்டோடு, ஆறு சதங்களோடு அஸ்வின் ஓய்வு பெற்றார். மட்டையும் தெரிந்த, முதல் தரப் பௌலர். அப்படிப்பட்டவருக்கே இடம் கேள்விக்குறி என்றால், மட்டை தெரியாத குல்தீப் எந்த மூலை?

ஆக, ஐந்தா ஆறா என்பதைவிடப் பெரிய கேள்வி, பட்டியலை எங்கிருந்து எழுதத் தொடங்குவது என்பதுதான். இந்த ஆடுகளத்தில், இந்த எதிரணியின் இருபது விக்கெட்டை எடுக்கப் போகிறவர்கள் யார்? முதலில் அந்தப் பெயர்களை எழுத வேண்டும். அவர்களில் இருவருக்கு மட்டை பிடிக்கத் தெரிந்தால், விக்கெட் கீப்பரும் எஞ்சினியர் போல் அமைந்தால், ஐந்து பேட்ஸ்மேன்கள் போதும். யாருக்குமே தெரியாவிட்டால் ஆறாவது பேட்ஸ்மேன் வரட்டும். நான்கு பௌலர்களும் முழுமையான பௌலர்களாக இருக்கட்டும். பயத்திலிருந்து பட்டியல் எழுதினால் மேலே ஆறு பேட்ஸ்மேன், நடுவில் மூன்று அரைகுறை, கீழே இரண்டு பௌலர் என்றுதான் வந்து நிற்கும்.

டாஸ் முடிந்ததும் டிவி திரையில் பதினொரு பெயர்கள் வரும். எல்லோரும் மேலிருந்து படிப்பார்கள். அடுத்த டெஸ்டுக்கு ஒரு மாறுதலாகக் கீழிருந்து படித்துப் பார்க்கலாம். ஏழு முதல் பதினொன்று வரை உள்ள பெயர்களைப் பார்த்தால், அந்த அணி ஜெயிக்க வந்திருக்கிறதா, தோற்காமல் இருக்க வந்திருக்கிறதா என்பது முதல் பந்து விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.